நாலாவது பெட்டி

“பொண்ணு குத்தமில்ல. பெட்டிதான் ஒழுகும்.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது இது. மெதுவாகத்தான் சொன்னார். நான் காலிக் காப்பித் தம்ளர்களோடு ஜன்னல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், அதனால் காதில் விழுந்துவிட்டது. நீங்கள் உள்ளே வந்ததும் வராததுமாக “ஒழுகுமா?” என்று கேட்டீர்கள் பாருங்கள் அக்கா, எனக்கு முகம் சுட்டுவிட்டது. தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய் அவ்வளவு நேரம் நின்றது அதனால்தான். தப்பாக நினைக்காதீர்கள்.

உட்காருங்கள். அப்பா இப்போது வந்துவிடுவார். விளம்பரத்தில் அவர் போட்டிருந்தது எல்லாம் உண்மைதான். எட்டடி நீளம், நல்ல கனமான பிளைவுட், முன்பக்கம் கண்ணாடி. ஹாலில் இடம் வேண்டியிருக்கிறது, அதனால் பெட்டியை விற்கிறோம். உள்ளே என்ன பூசியிருக்கிறது என்பதை மட்டும் அவர் போடவில்லை. நீங்கள் கோழி அடைக்க என்று சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். மீனுக்கு என்கிறீர்கள். அதனால் சொல்கிறேன். அப்பா முன்னால் எனக்குச் சொல்ல வராது.

அப்பா போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். கடைசியாகப் பாளையங்கோட்டையிலேயே இருந்து ஓய்வு பெற்றார். அதிகம் பேச மாட்டார். எனக்கு முதலில் வந்த வரன் தட்டிப்போன மறுவாரம், ஒரு பிளாஸ்டிக் பையில் விரல் நீளத்துக்கு ஒரு மீனைக் கொண்டு வந்தார். அரோவனா. வாஸ்து மீன் என்று சொல்வார்களே, அதுதான். எதற்கு என்று கேட்டதற்கு, “சும்மா. ஹால்ல ஒரு அசைவு இருக்கட்டும்” என்றார். என் கல்யாண விஷயமாக அவர் பெரிதாக அலட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. எல்லாக் கவலையும் அந்த மீனைப் பற்றித்தான்.

அது வளர்ந்துகொண்டே போனது. கண்ணாடித் தொட்டியில் திரும்ப வேண்டுமென்றால் உடம்பை வில் மாதிரி வளைத்துத்தான் திரும்பும். கண்ணாடியில் உரசி உரசி அதன் மூக்கில் வெள்ளையாக ஒரு தேய்மானம் வந்துவிட்டது. அப்பா கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

“கழுத்து வலிக்கும் அதுக்கு.”

“மீனுக்கு ஏது கழுத்து?” என்பாள் அம்மா.

இவ்வளவு பெரிய தொட்டியை முழுக்கக் கண்ணாடியில் செய்வது நமக்குக் கட்டாது என்று, பிளைவுட்டில் பெட்டி செய்து முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைப்பது என்று முடிவு செய்தார். ஆசாரி வந்து செய்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஈசானிய மூலையில்தான் வைக்க வேண்டும் என்பதால், அங்கே இருந்த சோபா என் அறைக்கு வந்துவிட்டது. என் கட்டிலில் ஏற வேண்டுமென்றால் நான் சோபாவைத் தாண்டித்தான் ஏற வேண்டும்.

பெட்டி செய்வது பெரிய விஷயமே இல்லை அக்கா. மரம் தண்ணீர் குடிக்காமல் இருக்க உள்ளே என்ன பூசுவது, அதுதான். அந்த ஒரு முடிவுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடம் கேட்டார். சிலிண்டர் கொண்டு வந்தவரிடம் கேட்டார். எல்லாரிடமும் ஒரு பதில் இருந்தது, அதுதான் ஆச்சரியம். ஒருவராவது “எனக்குத் தெரியாது சார்” என்று சொல்லவில்லை. நம் ஊரில் வழி கேட்டாலும் அப்படித்தானே, தெரியாதவர்தான் கையை நன்றாக நீட்டுவார்.

கடைசியில் அப்பா சோதனை செய்து பார்த்துவிடுவது என்று இறங்கினார். மிச்சமான பிளைவுட்டில் செருப்பு டப்பா அளவில் ஐந்து பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சு. காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி, பெட்டிக்கு இரண்டு சின்னக் கப்பி மீன் விட்டு, ஹாலில் சுவரோரமாக வரிசையாக வைத்தார். நம்பர் எழுதி, ஒவ்வொன்றின் தலையிலும் தேதி முத்திரை வேறு. ஆபீஸ் பழக்கம் போகவில்லை.

“முப்பது வருசம் அரக்கு வெச்சவன். நான் வெச்ச சீல் பிரிஞ்சுதுன்னு ஒரு புகார் வந்ததில்ல.”

“பார்சலுக்குள்ள யாரும் தண்ணி ஊத்தலல்லா” என்றாள் அம்மா.

முதல் பெட்டியில் சாதாரண பெயின்ட். அது மறுநாளே அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. இரண்டாவது, மொட்டைமாடியில் ஒழுகலுக்குப் பூசும் வெள்ளைக் கலவை. தண்ணீர் பால் மாதிரி கலங்கி மீன் செத்துப்போனது. மூன்றாவது பைபர், கம்பளிபோல ஒரு துணியை வைத்து அதன்மேல் பிசின் ஊற்றுவார்கள். படகுக்கு அதுதான். ஒழுகவில்லை, ஆனால் வீடெல்லாம் நாற்றம், அதிலும் மீன் செத்தது. சரியாகக் காயவில்லை போலிருக்கிறது. ஐந்தாவது கறுப்பு ஷீட்டை உள்ளே விரித்தது. ஒழுகவும் இல்லை, சாகவும் இல்லை, ஆனால் மூலையில் மடிப்பு மடிப்பாக நின்றது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “பொட்டலம் கட்டின மாதிரி இருக்கு” என்றார்.

நாலாவது எபாக்சி. இரண்டு டப்பாவில் வரும். கலந்தால் சூடாகும், இறுகுவதற்குள் பூசிவிட வேண்டும். அப்பாவுக்கு அன்று காய்ச்சல், அதனால் அதை மட்டும் நான் பூசினேன். மூலைகளில் முதலில் மக்கு என்கிற அடைப்புக் களிம்பை வைத்து, விரலால் இழுத்து வளைவாக்கிவிட்டு, அது காய்ந்தபின் ஒரு பூச்சு, அது காய்ந்தபின் தேய்த்துவிட்டு இன்னொரு பூச்சு. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவினவர்களுக்குத் தெரியும், வளைந்த இடத்தில் எதுவும் தங்காது, மூலையில்தான் தங்கும். நாலாவதில் மீன் குட்டியே போட்டது. அது தற்செயல்தான்.

அந்தச் சமயத்தில்தான் இவர்கள் வந்தார்கள். பெண் பார்க்க.

கடையத்துக்காரர்கள். பையன் பெயர் கோமதிசங்கர், தென்காசியில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவருடைய அப்பா ஆவுடையப்பன், அரிசி மண்டி வைத்திருந்தவர், குரலிலேயே தெரியும். அம்மா. பிறகு பையனின் தாய்மாமன் பிச்சையா, கட்டட கான்ட்ராக்டர். நாலு பேர். அம்மா அப்பாவிடம் முந்தின நாளே சொன்னாள், அந்தச் சின்னப் பெட்டிகளையாவது மாடிப்படிக்குக் கீழே வையுங்கள் என்று. தண்ணீரை அசைத்தால் சோதனை கெட்டுவிடும் என்று அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா என்னைவிட அந்தப் பெட்டிகளைத்தான் நினைத்தார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

நான் காப்பித் தட்டோடு வந்தேன். புடவை கட்டி, பூ வைத்து, அம்மா சொன்னபடி மெதுவாக. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை அக்கா. எல்லாரும் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இதுக்குப் போயி யோசிக்கலாமா அண்ணாச்சி? பைபர் போடுங்க. கடல்ல போற போட்டுக்கே அதான்” என்றார் ஆவுடையப்பன்.

“அத்தான் எந்தக் கடலைக் கண்டாரு? மண்டியில நெல்லைத்தான் கண்டாரு” என்றார் பிச்சையா. “நான் எத்தன மொட்டைமாடிக்கு அடிச்சிருக்கேன். ஒரே கோட்டு. ஒரு சொட்டு இறங்காது.”

“நீரு அடிச்ச எங்க வீட்டு மாடிக்குக் கீழ இப்பவும் நாங்க வாளி வெச்சுத்தான் படுக்கோம் வே.”

“அது உங்க மாடி வாட்டம் சரியில்ல அத்தான்.”

அப்பா நடுவில் நின்றுகொண்டு இரண்டு பேர் பக்கமும் தலையை ஆட்டினார். இரண்டாவது பெட்டியிலும் மூன்றாவது பெட்டியிலும் என்ன நடந்தது என்று அவர் சொல்லவே இல்லை. மெல்ல நகர்ந்து, அந்த இரண்டு பெட்டிகளையும் வேட்டிக்கு மறைவில் விட்டு நின்றுகொண்டார். எனக்கு அசிங்கமாக இருந்தது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. தட்டு கனத்தது.

பையன் மட்டும் அந்தச் சண்டையில் சேரவில்லை. நான் அவரைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. வலது கையில் கடிகாரம் கட்டியிருந்தார். சட்டைக் கையை மடித்தது ஒன்று முழங்கைக்கு மேலே, ஒன்று கீழே. இடது காதுக்குப் பின்னால் மச்சம் இருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் கவனிக்கவில்லை. அவர் அந்தச் சின்னப் பெட்டிகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, யாரிடம் என்று இல்லாமல் கேட்டார்:

“எதுல மீன் சாகல?”

“நாலாவதுல.”

நான்தான் சொன்னேன். ஐந்தாவதிலும் சாகவில்லைதான், ஆனால் நான் பூசினதுதான் வாயில் வந்தது, எப்படி என்று தெரியவில்லை. ஆவுடையப்பனும் பிச்சையாவும் அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசின ஒரே வார்த்தை அது. பாட்டு இல்லை, வணக்கம்கூட இல்லை.

“அது சும்மா, வீட்ல பிள்ள விளையாட்டுக்குச் செஞ்சது” என்றார் அப்பா சட்டென்று.

அதற்குப் பிறகுதான் வாசலில் அந்தப் பேச்சு. ஆவுடையப்பன் மைத்துனரிடம் சொன்னது. “பொண்ணு குத்தமில்ல. பெட்டிதான் ஒழுகும்.” அப்பாவும் வழியனுப்ப வாசலில்தான் நின்றார். அவருக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. உள்ளே வந்து அந்தப் பெரிய பெட்டியின் விளிம்பைத் துண்டால் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

நான் பேசினதால் கெட்டுப்போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் சம்மதம் என்று போன் வந்தது. நிச்சயதார்த்தத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா அந்த போனிலேயே, ஒரு மரியாதைக்காக, “பெட்டிக்கு அண்ணாச்சி சொன்னபடி பைபரே போட்டுருதேன்” என்றார். அவர்கள் வரும்போது அதில் மீன் நீந்தும் என்றும் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

அன்று சாயங்காலமே பிச்சையா பேசினார். ஸ்பீக்கரில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“என்னமோ அத்தான் பேச்சைக் கேட்டு பைபர் போடுதியளாமே? சரி, உங்க இஷ்டம். தாய்மாமன்னு நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? மணையில பக்கத்துல நிக்கதுக்கு மட்டுமா?”

அப்பா போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் மாப்பிள்ளையின் அப்பா. ஒரு பக்கம் தாய்மாமன். யாரை விடுவது? யோசித்து யோசித்து அவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டையும் போட்டார். அடியில் பைபர், அதன் மேல் மொட்டைமாடிக் கலவை.

“ரெண்டு சம்பந்திக்கும் ஒரே இலையில பரிமாறின மாதிரில்லா இருக்கு” என்றாள் அம்மா.

நான் சொல்லாமல் இல்லை அக்கா. அவர் பிசின் ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய், “அப்பா, நாலாவது...” என்றேன்.

“அது நம்ம பெட்டி வடிவு” என்றார். “இது அவுங்க பெட்டி.”

பைபர் காய்ந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. அதைத் தேய்க்காமலே மேலே வெள்ளையைப் பூசினார். அந்தக் கம்பளித்துணி மூலையில் வளைய மாட்டேன் என்று கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. வெள்ளை பூசினதும் அது தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவர் விரலெல்லாம் பிசின் ஒட்டிச் சாப்பிட முடியாமல் அம்மா பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். இத்தனை வயதில், ஒரு மீனுக்காக. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, எழுந்து போய்விட்டேன்.

பழைய கண்ணாடித் தொட்டி சும்மா கிடக்க வேண்டாம் என்று அம்மா அதைக் கழுவித் துடைத்து அடுக்களையில் வைத்து, நிச்சயதார்த்தத்துக்குச் சுட்ட முறுக்கை அதில் அடுக்கிவிட்டாள்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் நல்ல நேரம் பார்த்துத் தண்ணீர் விட்டு, மீனையும் விட்டார். ஒன்று சொல்ல வேண்டும். மீன் முதல்முறையாக வளையாமல் திரும்பியது. நேராகப் போய், நிதானமாக, ஒரு பெரிய மனிதர் நடைப்பயிற்சியில் திரும்புவதுபோலத் திரும்பியது. அப்பா என்னைக் கூப்பிட்டார். “பாரு” என்றார். நான் பார்த்தேன்.

வந்தவர்களும் அதைத்தான் பார்த்தார்கள். “என் பைபர்” என்றார் ஆவுடையப்பன். “மேல தெரியுதது யாரோடது?” என்றார் பிச்சையா. இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஜமுக்காளம் விரித்து, பெட்டிக்கு முன்னால்தான் எல்லாரும் உட்கார்ந்தார்கள். தாம்பூலத் தட்டுகள் நடுவில். ஒரு தட்டில் அவர்கள் எனக்குக் கொண்டு வந்த நிச்சயப் பட்டு, மயில் கழுத்து நிறம், அட்டை வைத்து மடித்தது, மேலே மல்லிகைச் சரம். லக்னப் பத்திரிகை வாசித்து முடித்ததும் அந்தப் பட்டை என் கையில் கொடுப்பார்கள், நான் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து எல்லாரையும் கும்பிட வேண்டும். நான் அம்மாவுக்குப் பின்னால் கதவோரம் நின்றேன். அங்கிருந்து பெட்டி எனக்கு நேராகத் தெரியும்.

முதலில் தண்ணீரில் ஒரு வெள்ளைத் துணுக்கு மிதந்தது. பிறகு பின்பக்கச் சுவரில் ஒரு கொப்புளம், உள்ளங்கை அகலத்துக்கு. பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கொப்புளம் பிரிந்து ஒரு தாளைப்போலத் தொங்கியது. மீன் அதன்மேல் மோதி விலகியது. இன்னொன்று. இன்னொன்று. தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. வாசிக்கும்போது பெண்ணின் அப்பா எழுந்திருக்கக் கூடாது.

“என்னமோ ஈரமால்லா இருக்கு” என்றார் ஆவுடையப்பன், வேட்டியைத் தொட்டுப் பார்த்து.

கீழ் மூலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், ஜமுக்காளத்துக்கு அடியில் புகுந்து, தட்டுகள் வரைக்கும் வந்துவிட்டது. வாசிப்பு நின்றது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

“உம்ம கலவை உரியுது பாரும் வே!”

“உரியுதது கெடக்கட்டும், ஒழுகுதது உங்க பைபர்தான் அத்தான்!”

“மேல அதை அப்பாம இருந்தா ஓட்டை தெரிஞ்சிருக்கும்லா?”

“அடியில அதைப் போடாம இருந்தா உரிஞ்சே இருக்காதே!”

அப்பா போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றார். கண்ணாடியை முதுகால் மறைத்து, இரண்டு கையையும் விரித்து. எட்டடிப் பெட்டியை ஒரு மனிதர் எப்படி மறைக்க முடியும்? “குத்தம் என்னோடதுதான் அண்ணாச்சி” என்றார். “நீங்க ரெண்டு பேரும் சொன்னது சரி. நான் பூசினதுலதான் பிசகு. உக்காருங்க, வாசிங்க. உக்காருங்க.” அவர் குரல் அந்த மாதிரி நான் கேட்டதே இல்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை அக்கா. தரை பிளந்து உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. அப்பாவைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவர் தோளுக்கு மேலே மீன் தெரிந்தது. நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“நல்ல நாளும் அதுவுமா” என்று பையனுடைய அம்மா ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. நிச்சயதார்த்தத்தன்று வீட்டு வாஸ்து மீன் எல்லார் கண் முன்னாலும் சாவதென்றால், அதற்குமேல் யார் தாம்பூலம் மாற்றுவார்கள்? அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போது அவர் எழுந்து வந்தார். மாப்பிள்ளை. சபையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கக் கூடாது என்று அவர் அம்மா சொன்னது காதில் விழாததுபோல வந்து, நேராக என்னிடம் கேட்டார்.

“பழைய தொட்டி எங்க?”

அடுக்களையைக் காட்டினேன்.

“அதுல முறுக்கு இருக்கு” என்றாள் அம்மா.

அடுத்த நிமிஷம் முறுக்கு உடைந்து கொட்டுகிற சத்தம் கேட்டது. குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கடிகாரத்தைக் கழற்றியிருந்தார். அப்பாவின் தோளைத் தொட்டு, “கொஞ்சம் தள்ளிக்கோங்க மாமா” என்றார். அதற்கு முன்பு அவர் அப்பாவை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாற்காலியில் ஏறி, வேட்டியோடு பெட்டிக்குள் இறங்கினார். இடுப்பளவு வெள்ளைத் தண்ணீர். மீனை இரண்டு கையாலும் அடியில் தாங்கிப் பிடித்தார். அது ஒரு துள்ளுத் துள்ளி வழுக்கிவிட்டது. மறுபடி பிடித்தார். மறுபடி வழுக்கியது. அவர் கையெல்லாம் செதில்.

“துணி வேணும். பெரிய துணி. நனைச்சுக் குடுங்க, வெறுங்கையில நிக்காது.”

அப்பா தன் தோளில் இருந்த துண்டை நீட்டினார். அது பற்றாது என்று அவருக்கே தெரிந்தது. அம்மா போர்வைக்காக என் அறைக்கு ஓடி, சோபாவில் இடித்துக்கொண்டு விழுந்த சத்தம் கேட்டது. பிச்சையா ஜமுக்காளத்தை இழுத்தார். அதன் மேல் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

“சீக்கிரம்ப்பா” என்றார் பெட்டிக்குள் நின்றவர்.

ஆவுடையப்பன் குனிந்து தட்டிலிருந்த என் நிச்சயப் பட்டுப்புடவையை எடுத்தார். மல்லிகைச் சரத்தைத் தள்ளினார், அட்டையை உருவிப் போட்டார், மடிப்பை ஒரே உதறில் பிரித்து, மகன் கைக்கு எட்டுகிற மாதிரி அந்தத் தண்ணீருக்குள் அமுக்கினார்.